முன்னூறு உருப்படி, வெள்ளிக்கிழமை காலை

என் மகள் ஷாலினியின் கல்யாணப் பத்திரிகையில் சமுதாயக் கூடத்தின் பெயரை அச்சடித்து, பாதிப் பேருக்குக் கொடுத்தும் முடித்த பிறகுதான், கூடத்தை இனிமேல் மதியூகியிடம் கேட்டு வாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது. கல்யாணத்துக்கு அப்போது பதினோரு நாள் இருந்தது.

அதற்கு முன்பெல்லாம் வடக்கனந்தல் கூடத்துக்குச் சாவி வைத்திருக்கும் கண்ணாயிரம் அண்ணனிடம் சொன்னால் போதும். ஒரு நோட்டில் தேதி போட்டுப் பெயர் எழுதிக்கொள்வார். நோட்டு இன்னும் இருந்தது. ஆனால் அதை மஞ்சள் துணியில் கட்டி மேலே வைத்துவிட்டார்.

"சாவி எங்கிட்டதான் இருக்குது பாவாடை. ஆனா மையத்துல இருந்து சீட்டு வந்தாத்தான் தெறக்கணும்னு ஆர்டரு. கள்ளக்குறிச்சி போயி மதியூகிய பாரு."

"யாருண்ணா அவரு, புது ஆபீசரா?"

"ஆளு இல்லடா. கம்ப்யூட்டரு. ஏஐயாம். நாம கேட்டா அதுவே தேடி எடுத்துக் குடுக்குமாம். மனுசங்க யாரும் இனிமே பதில் சொல்லக்கூடாதாம்."

திங்கட்கிழமை காலையில் போனேன். மாவட்டத் தகவல் ஒருங்கிணைப்பு மையம் என்று பெரிய போர்டு. உள்ளே ஏசி. இருபது நாற்காலி. நடுவில் ஒரு டிவிப் பெட்டி அளவுக்குத் திரை, அதற்கு முன்னால் மைக். எனக்கு முன்னால் பாப்பாத்தி என்றொரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். இறந்துபோன மாமியாரின் பெயரை ரேஷன் கார்டிலிருந்து எடுக்க வேண்டும் என்று மைக்கில் நிதானமாகச் சொன்னார்.

மதியூகி நல்ல குரலில் பதில் சொன்னது. "கோமுகி அணையின் இன்றைய நீர்மட்டம் முப்பத்தெட்டு அடி. தங்கள் தேவை நிறைவேறியது. நன்றி, வணக்கம்."

பாப்பாத்தி என் பக்கம் திரும்பினார். "மூணு நாளா வரன். வந்த அன்னிக்கி முப்பத்தாறு அடி. ரெண்டடி ஏறியிருக்குது. மாமியா மட்டும் கார்டுல அப்படியே உக்காந்துக்கினு இருக்கறாங்க."

அவருக்குப் பின்னால் கல்வராயன் மலையிலிருந்து வந்த சின்னக்கண்ணு என்பவர், மலைக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அவருக்கும் முப்பத்தெட்டு அடிதான். "எங்க மலையில மழ பேஞ்சித்தான் அந்த அண ரொம்புது. எனக்கே சொல்லுது பாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி வரிசையில் போய் நின்றார்.

நான் கூடம் கேட்டேன். எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி வந்தது. மதகுகள் மூடப்பட்டுள்ளனவாம்.

மூலையில் ஒரு மேசையில் ரம்யா என்ற பெண் உட்கார்ந்திருந்தது. ஒப்பந்த வேலை. மதியூகியைக் கொண்டுவந்து வைத்த கம்பெனி அந்தப் பெண்ணையும் கூடவே விட்டுவிட்டுப் போயிருந்தது. போய்க் கேட்டேன்.

"அது மேல தப்பில்லண்ணா" என்றது அந்தப் பெண். "மதியூகிக்கு மூள இருக்குது. ஆனா ஒரு தகவலும் அதுங்கிட்ட இல்ல. ஒம்பது துறைங்க ஒம்பது கருவி குடுத்திருக்காங்க. கருவின்னா ஒவ்வொரு துறையோட பீரோவுக்கும் ஒரு சாவி மாதிரி வெச்சிக்கோங்க. ஒவ்வொரு சாவி மேலயும் இது எதுக்குன்னு ஒரு குறிப்பு எழுதித் தரணும். அந்தக் குறிப்பப் படிச்சித்தான் எத எடுக்கறதுன்னு அது முடிவு பண்ணும். வேற எதுவும் அதுக்குத் தெரியாது."

"அப்ப குறிப்புல இன்னா எழுதியிருக்குது?"

"எல்லாத்துலயும் ஒண்ணுதான். 'பொதுமக்களின் அனைத்துத் தேவைகளையும் நிறைவேற்றும் பொருட்டு.' எந்தத் துறையும் கம்மியா எழுத மாட்டேங்குது. ஒம்பதும் எல்லாத்துக்கும்னா அது இன்னா பண்ணும் பாவம். வரிசையில முதல்ல இருக்கறத எடுத்துக்குது. அகர வரிசையில அணைதான் முதல்ல."

ஒரே மாதத்தில் பதினாலாயிரம் பேர் அணையைப் பற்றி விசாரித்திருப்பதாகக் கணக்கு வந்து, அணைப் பிரிவுக்குச் சிறந்த மக்கள் சேவைக்கான கேடயம் கொடுத்திருந்தார்கள். கேடயம் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

மற்ற எட்டுத் துறைகளும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா. குறிப்பைத் திருத்துவார்கள் என்று ரம்யா நினைத்தது. அவர்கள் பெயரைத் திருத்தினார்கள். நான் புதன்கிழமை மறுபடி போனபோது, ரேஷன் கருவி 'அன்பு உணவு வழங்கல்' ஆகியிருந்தது. பஸ், 'அஞ்சாத மலைப் பேருந்து'. எங்கள் கூடம், 'அழகிய சமுதாயக் கூடம்'. கால்நடைக்காரர்கள்தான் கெட்டிக்காரர்கள். 'அகில மாவட்டக் கால்நடை' என்று வைத்து, அணைக்கும் அஞ்சாத பேருந்துக்கும் முன்னால் போய் நின்றுவிட்டார்கள்.

இது எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. மைக்கில் கேட்டேன். அணையைச் சொல்லாமல் மதியூகி கேள்வி கேட்டது. எனக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது.

"எந்த இடம்?"

"வடக்கனந்தல் சமுதாயக் கூடங்க."

"எந்த நாள்?"

"வர வெள்ளிக்கெழம இல்லீங்க, அதுக்கடுத்த வெள்ளி. காலையில."

"எண்ணிக்கை?"

"முன்னூறு."

"பெரியவை, சிறியவை?"

"பெரியவங்க இருநூத்தம்பது. சின்னதுங்க அம்பது."

"ஒரே நேரத்தில் வருமா?"

"பந்தி பந்தியா வருவாங்க."

"தண்ணீர், நிழல்?"

"பந்தல் போடறம். டேங்கர் சொல்லியிருக்கறம்."

"கயிறு?"

இதைக்கூட விசாரிக்கிறதே என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "அது மாப்பிள வூட்டுக்காரங்க கொண்டாருவாங்க" என்றேன்.

"ஏற்பாடு செய்யப்பட்டது. தங்கள் தேவை நிறைவேறியது. நன்றி, வணக்கம்."

பஸ் ஏறி ஊருக்கு வந்து, என் மனைவி தைலம்மாளிடம், மனுசர்களைவிட அது பொறுப்பாக இருக்கிறது என்று சொன்னேன்.

சனிக்கிழமை காலை ஒருவர் மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். கையில் ஐஸ் பெட்டி. பெயர் சிவசங்கர் என்றார். பத்திரிகையைப் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்று நினைத்துத் தைலம்மாள் நாற்காலி போட்டுக் காபி கொடுத்தாள்.

"முன்னூறு உருப்படியும் எங்கம்மா?" என்றார் அவர்.

"வெள்ளிக்கெழமதாங்களே. அன்னிக்கித்தான் வருவாங்க."

"முன்னாடியே ஒரு பத்தாவது பாத்துட்டாத் தேவல. காலு, வாயெல்லாம் எப்படி இருக்குது? புண்ணு கிண்ணு?"

தைலம்மாள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன்.

"எச்சி ஒழுவுதா?" என்றார் அவர்.

"பொண்ணு வூட்டுக்கு வந்து கேக்கற கேள்வியாய்யா இது" என்று தைலம்மாள் காபி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பாதிக் காபி இன்னும் இருந்தது.

பிறகுதான் அவர் பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினார். கோமாரித் தடுப்பூசி முகாம். ஏற்பாடு செய்தவர்: பாவாடை. இடம்: வடக்கனந்தல் சமுதாயக் கூடம். எண்ணிக்கை: முன்னூறு. பெரியவை இருநூற்று ஐம்பது, சிறியவை ஐம்பது. பந்தி பந்தியாக வரும். பந்தல், தண்ணீர் தயார். கயிறு உரிமையாளரே கொண்டு வருவர்.

"சார், நான் கல்யாணத்துக்குக் கேட்டன் சார்."

கால்நடைத் துறைக்காரரான சிவசங்கர் நல்ல மனிதர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் சந்தேகம்தாங்க. பந்தின்னு போட்டிருந்திச்சி. மாட்டுக்கு எதுக்கு பந்தின்னு யோசிச்சன். ஆனா முன்னூறு டோசு மருந்து எடுத்தாச்சி. ரத்துன்னு எழுத எனக்கு அதிகாரம் இல்லீங்க. எங்க மேல இருக்கறவருக்கும் இல்ல. யாருக்கு இருக்குதுன்னு மதியூகியத்தான் கேக்கணும்."

நேராகக் கண்ணாயிரம் அண்ணனிடம் ஓடினேன். அவரிடம் சீட்டு வந்திருந்தது. அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"கூடம் ஒதுக்கியாச்சிடா. ஆனா மாட்டுக்கு. வெள்ளிக்கெழம காலையில ஒம்பது மணிக்கு மாட்டோட ஒரு போட்டோ எடுத்து நான் அனுப்பணும். மாடு இல்லன்னா பூட்டிடணும்னு போட்டிருக்குது."

"என் பொண்ணு கல்யாணம்ணா."

"பத்திரிக வந்திச்சி. ஆனா பத்திரிகைய வெச்சி நான் தெறக்க முடியாதே. மாட்டுக்குச் சீட்டு இருக்குது, உனக்கு இல்ல. நான் இன்னா பண்ண?"

மையத்துக்குத் திங்கட்கிழமை மறுபடி போக வேண்டும் என்று நினைத்தேன். நான் வேலை செய்யும் கடையின் முதலாளியே என்னை அனுப்பிவைத்தார். வேறு காரணத்துக்காக.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு வாடகைப் பாத்திரக் கடையில் சுமை தூக்குகிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதற்கும் அண்டாவும் குண்டானும் இங்கிருந்துதான் போகும். இருபத்து மூன்று வருடம் தூக்கியதில் என் இடது தோள் ஒரு விரல் அளவு இறங்கியிருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை மையத்தில் 'விளக்கத் தெளிவு வாரம்' தொடங்கியது. குறிப்புகள் தெளிவாக இல்லை என்று புகார் வந்ததால், தெளிவைப் பற்றி ஐந்து நாள் கருத்தரங்கு. இருநூறு பேருக்குச் சாப்பாடு. பாத்திரம் எங்கள் கடை.

அண்டாவை இறக்கிவைத்துவிட்டு நான் அரங்கின் வாசலில் நின்றேன். மையத்தின் தனி அலுவலர் தனசேகரன் பேசிக்கொண்டிருந்தார். கூடத்துக்கான கருவியின் பழைய குறிப்பையும், குழு உட்கார்ந்து தெளிவாக்கிய புதுக் குறிப்பையும் படித்துக் காட்டினார். பழையது ஒரு வரி. புதியது நாலு பக்கம்.

"பொருள்: சமூக ஒன்றுகூடல் உட்கட்டமைப்பு வசதி, பயன்பாடு தொடர்பாக. பார்வை ஒன்று: இம்மையத்தின் கடிதம். பார்வை இரண்டு: பார்வை ஒன்றில் கண்ட கடிதத்துக்கான நினைவூட்டு. பார்வை மூன்று: பார்வை இரண்டு கிடைக்கப் பெறவில்லை எனத் தெரிவிக்கும் கடிதம்." இப்படி ஒன்பது பார்வை. பிறகு, "மேற்காண் பொருள் தொடர்பில், பொதுமக்களின் அனைத்துத் தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றும் உன்னத நோக்கில்" என்று தொடங்கி, நாலாம் பக்கத்தில் "நகல்: கோப்புக்கு" என்று முடிந்தது. கூடம் என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். ரம்யா மட்டும் எழுந்தது.

"சார், இது எதுக்குப் பயன்படாதுன்னும் எழுதணும் சார். அப்பத்தான் மதியூகி மத்ததோட கொழப்பிக்காது. எண்ணிக்கைன்னா எத எண்ணறதுன்னும் போடணும். அது போடாமதான் போன வாரம் ஒரு கல்யாணம் மாட்டு முகாமா போயிடுச்சி."

தனசேகரன் சிரித்தார். கோபப்படுகிற ஆள் இல்லை அவர்.

"இந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு. அதுக்காகச் சொல்றன், எல்லாரும் கேளுங்க. 'பயன்படாது', 'கூடாது', 'இல்ல'ன்னு எழுதினா, எந்த அதிகாரத்துல எழுதினன்னு நாளைக்கி ஆடிட்ல கேப்பான். 'ஆவன செய்யப்படும்'னு எழுதிப் பாரு, ஒருத்தன் ஒண்ணும் கேக்க மாட்டான். முப்பத்தோரு வருச சர்வீசுல இந்த வாயால ஒருத்தருக்கும் இல்லன்னு நான் சொன்னதில்ல. எதையும் குடுத்ததும் இல்ல. ஆனா இல்லன்னு சொன்னதில்ல. அதான் மக்கள் என்ன எப்பவும் திரும்பத் திரும்ப வந்து பாக்கறாங்க."

இதற்குத்தான் அன்றைக்கு அதிகக் கைதட்டல்.

ரம்யா வெளியே வந்து, சமையல் நடக்கும் இடத்தில் ஒரு தலைகீழ்க் குண்டான் மேல் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கல்யாணம் என் மகளுடையதுதான் என்று சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. எதிரில் அடுக்கியிருந்த பாத்திர மூடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் யாருண்ணா எழுதினது?"

மூடிகளின் மேல் நான் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்ததுதான். ரம்யா ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தது.

"சோத்து அண்டா. அரிசி இருபத்தஞ்சி கிலோ, அதுக்கு மேல போடாதே. குழம்புக்கு ஆகாது, அடி புடிக்கும். குழம்புக்கு நீலக் கோடு போட்ட குண்டான் எடு."

"ஈயம் போன குண்டான். தண்ணி மட்டும் சூடு பண்ணு. புளி, தயிரு, எலுமிச்ச ஊத்தாதே, களிம்பு ஏறும். ஊத்திட்டா உடனே கொட்டு."

"பால் தவலை. வேற எதுக்கும் இல்ல. சந்தேகம்னா பாவாடைக்கு போன் பண்ணு."

"நாந்தாம்மா எழுதனன்" என்றேன். "ஏழு வருசத்துக்கு முன்ன ஈயம் போன குண்டான்ல புளி ஊத்தி ரசம் வெச்சிட்டான் ஒரு சமையக்காரன். எறநூறு பேரு ரசமில்லாம எந்திரிச்சிப் போனாங்க. எது எதுக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா அண்டா போற எடத்துக்கெல்லாம் நான் போவ முடியுமா. அப்பறந்தான் முதியோர் வகுப்புல சேந்து எழுத்து கத்துக்கினன். அப்ப எனக்கு நாப்பத்தொண்ணு வயசு."

"இல்லன்னும் ஆகாதுன்னும் நெறைய எழுதியிருக்கீங்க."

"நான் எழுத்துக் கூட்டித்தாம்மா படிப்பன். என்ன மாதிரி ஆளு எழுதியிருக்கறத அப்படியே நம்பிடுவான். ஆகாதுன்னு எழுதலன்னா, ஆவும்னுதான நெனப்பான்."

ரம்யா எழுந்து நின்றது. "மதியூகியும் உங்கள மாதிரிதாண்ணா" என்றது. அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண்ணின் மேசைக்குப் பக்கத்தில் நின்று நான் சொல்லச் சொல்ல அது தட்டியது. கூடத்துக்கு: 'கல்யாணம், கூட்டம், எதுக்குன்னாலும் வடக்கனந்தல் சமுதாயக் கூடம் ஒரு நாளைக்கு காலியா இல்லையான்னு பாக்க. எண்ணிக்கைன்னா மனுசத் தலை. மாட்டு முகாம் போட இது ஆகாது, அதுக்குக் கால்நடைச் சாவி எடு. காலி இல்லன்னா இல்லன்னு சொல்லு.' ஒன்பது சாவிக்கும் எழுதினோம். மூடி மேல் எழுத ஆகிற நேரம்தான் ஆனது.

ஆனால் தனசேகரன் கையெழுத்துப் போடாமல் அதை உள்ளே ஏற்ற முடியாது. அவர் படித்துப் பார்த்துவிட்டு, வாயைச் சுளித்தார்.

"இதுல மரியாதையே இல்லையேம்மா. பார்வை இல்ல, பொருள் இல்ல, என் பேரு இல்ல. யாரோ சமையக்காரன் எழுதின மாதிரி இருக்குது."

"பாத்திரக் கடை சார்" என்றேன். "எங்க அண்டாவப் பாருங்க. முதலாளி பேரு, அவரு அப்பா பேரு, கடை பேரு, உபயம் எல்லாம் வெளிப்பக்கம் சுத்தி இவ்வளவு பெருசா வெட்டியிருக்கும். அதப் பாத்தாத்தான் அண்டாவுக்கு மதிப்பு. வேலைக்கு வேண்டியது மூடி மேல சின்னதா இருக்கும். மூடிய யாரு பாக்கறாங்க, சமையக்காரனத் தவுத்து. நீங்க எழுதின நாலு பக்கத்தையும் வெளிய கருங்கல்லுல வெட்டி வெச்சிடலாங்க. இந்தப் பொடி எழுத்து உள்ள, மூடி மேல கெடந்துட்டுப் போவட்டும்."

தனசேகரன் பேனாவைத் திறந்தார். "கல்லு எவ்வளவு ஒசரம்?" என்றார்.

"ஒம்பது துறைக்கும் சேத்து பன்னெண்டு அடி வருங்க."

கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் மூன்று மணிக்கு ரம்யா புதுக் குறிப்புகளை ஏற்றியது. வரிசையில் பாப்பாத்தி நின்றார். மாமியாரின் இறப்புச் சான்று எண்ணை மதியூகி கேட்டது, பெற்றுக்கொண்டது, பெயரை எடுத்தது. பாப்பாத்தி சற்று நேரம் அங்கேயே நின்றார். "அண எவ்வளவு அடின்னு சொல்லலியே" என்றார். பழகிவிட்டது.

சின்னக்கண்ணு பஸ் கேட்டார். "இன்று மலைப் பேருந்து இல்லை. பழுது. நாளை காலை ஆறு மணி" என்றது மதியூகி.

"இல்லன்னு சொல்லிடுச்சி" என்று அவர் முகமெல்லாம் சிரிப்பாக என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத மொத நாளே சொல்லியிருந்தா, நடந்தே போயி இந்நேரம் கறி சோறு தின்னுட்டுத் தூங்கியிருப்பன்."

அடுத்து நான். கூடம், வெள்ளிக்கிழமை காலை, மனுசத் தலை முன்னூறு, கல்யாணம்.

"அந்த நாளில் கூடம் காலி இல்லை" என்றது மதியூகி, தண்ணீர் மாதிரித் தெளிவாக. "பாவாடை என்பவர் பெயரில் முன்னூறு மாடுகளுக்குத் தடுப்பூசி முகாம் பதிவாகியுள்ளது. பதிவு செய்தவர் மட்டுமே ரத்து செய்யலாம்."

இவ்வளவு தெளிவாக என்னை ஒருவரும் திருப்பி அனுப்பியதில்லை. "பதிவு செஞ்சது நாந்தான். ரத்து பண்ணிடு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். ரம்யா ஓடிவந்து மைக்கைக் கையால் மூடியது.

"அண்ணா, சும்மா இருங்க. ரத்து பண்ணா கூடம் உங்களுக்கு வராது. காத்திருப்பு வரிசையில முதல்ல யாருன்னு பாருங்க."

திரையில் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'விளக்கத் தெளிவு வாரம், நிறைவு விழா. தலைமை: திரு. தனசேகரன்.'

"உங்க பேரு, உங்க நாளு, உங்க கூடம்" என்றது ரம்யா. "அந்த மாடு ஒண்ணுதான் இடிக்குது. அத நீங்க கொண்டாந்துட்டா யாரும் உங்களக் கேக்க முடியாது."

அப்படித்தான் என் மகள் கல்யாணத்துக்கு நான் மாடு அழைக்கப் போனேன்.

மீதியிருந்த பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு, மாடு வைத்திருக்கும் வீடாகப் பார்த்துப் போனேன். "குடும்பத்தோட வாங்க, மாட்டோட வாங்க. ஊசி இலவசம், சாப்பாடு நம்மது." சிலர் சிரித்தார்கள். சிலர் எத்தனை மாடு ஓட்டிவரலாம் என்று நியாயமாக விசாரித்தார்கள். சம்பந்தி வீடு கச்சிராயபாளையம். அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் மாப்பிள்ளை இளமாறனுக்கே போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"மாமா, எங்க வூட்டுல பதினாலு மாடு இருக்குது. ஊசி போடணும்னு அப்பா ஒரு மாசமா சொல்லிக்கினு இருக்கறாரு. நான் ஓட்டியாரன்."

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தாலி கட்டினார்கள். கெட்டிமேளம் கொட்டியதும் வெளியே இருந்த மாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. அட்சதையைக் கொஞ்சம் ஒரு செவலைக் கன்றும் தின்றது. ஒன்பது மணிக்குக் கண்ணாயிரம் அண்ணன், மாலையும் கழுத்துமாக இருந்த பெண்ணையும் மாப்பிள்ளையையும் சம்பந்தி வீட்டுக் காளைக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்து மையத்துக்கு அனுப்பினார். ஷாலினிக்குக் கல்யாண ஆல்பத்தில் அதுதான் பிடித்த படம்.

ஒன்பதரைக்குத் தனசேகரன் வந்து இறங்கினார். நிறைவு விழா போய்விட்ட வருத்தத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. எந்த முகாமுக்கும் தொடக்க உரை உண்டாம். நாகஸ்வரக்காரரை நிறுத்தச் சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இங்க கூடியிருக்கற பயனாளிகளுக்கு வணக்கம்" என்று மாடுகளைப் பார்த்துச் சொன்னார். "இந்த முகாம எங்க மையம் எவ்வளவு துல்லியமா திட்டமிட்டதுன்னு நீங்க பாக்கறீங்க. நாளு தப்பல. எடம் தப்பல. வேற எங்கயாவது முகாமுல மேளம் வெச்சிப் பாத்திருக்கீங்களா? வட, பாயசம் போட்டுப் பாத்திருக்கீங்களா? எங்க மதியூகி போட்டுது. என் சர்வீசுல நான் செய்யாம முடிஞ்ச காரியம் ஏராளம். அதுல இதுதான் சிறந்தது."

பக்கத்தில் நின்ற பாப்பாத்தி, "உண்மையத்தான் சொல்றாரு" என்றார். அவரும் கல்யாணத்துக்கு வந்திருந்தார், ஓர் எருமையோடு.

சிவசங்கர் பதினொன்றரைக்குள் எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டு முடித்தார். தைலம்மாள் அவரைக் கூப்பிட்டு முதல் பந்தியில் உட்காரவைத்து, அன்றைக்குப் பிடுங்கிய பாதிக் காபிக்கு ஈடாக இரண்டு டம்ளர் காபி கொடுத்தாள். மாடு எத்தனை என்று கணக்குப் பார்த்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு. தாளில் முன்னூறு இருக்கிறதே, மீதிக்கு என்ன எழுதுவது என்று சிவசங்கர் பேனாவைக் கடித்தார். கண்ணாயிரம் அண்ணன் இலையை எண்ணிக்கொண்டு வந்தார். சாப்பிட்டவர்கள் நூற்று எண்பத்தெட்டு.

சிவசங்கர் கூட்டிப் பார்த்தார். முன்னூறு. எண்ணிக்கை என்றுதான் போட்டிருக்கிறது, எதன் எண்ணிக்கை என்று போடவில்லை என்று சொல்லி, மனசாட்சிக்கு விரோதமில்லாமல் கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை நான் பாத்திரங்களைக் கழுவிக் கடையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. மதியூகிதான். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'பாவாடை அவர்களுக்கு வணக்கம். தாங்கள் ஏற்பாடு செய்த நிகழ்ச்சி முன்னூறு உருப்படிகளுக்கும் நல்ல முறையில் முடிந்தது. இதன் பலன் ஆறு மாதம் வரை நீடிக்கும். அடுத்த தவணை மாசி மாதம், அதே இடம், அதே நேரம். கூடம் ஒதுக்கப்பட்டுள்ளது. மணமகன், மணமகள் இருவரும் தவறாமல் வரவும்.'

வீட்டில் தைலம்மாளிடம் படித்துக் காட்டினேன். "ஆறு மாசந்தான் தாங்குமாமா?" என்றாள். மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ஷாலினியிடம் கொடுத்தார். ஷாலினி கேட்டுவிட்டு, அந்தச் செவலைக் கன்றையும் மறக்காமல் கூப்பிடச் சொன்னாள்.

மறுநாள் காலையில் கடைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றேன். மாடு ஓட்டிவந்த நாலு பேர் அங்கே நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் செய்தி போயிருந்தது.

"இன்னா பாவாடை" என்றார் ஒருவர். "மாசித் தவணைக்கும் வட உண்டில்ல?"